நேட்டால் தமிழ்க் குடும்பங்களின் வாய்வழி வரலாறு: கேட்பது முதல் சரிபார்ப்பது வரை முழுமையான வழிகாட்டி

1860 நவம்பர் 16 அன்று 342 பேரை ஏற்றிக்கொண்டு சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் உள்ள டர்பனுக்கு வந்தது. 1911 ஜூலையில் கடைசிக் கப்பலான 'உம்லாஸி' வந்து சேரும்வரை 384 பயணங்களில் 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலில் இறங்கினார்கள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகம் வழியாக வந்தவர்கள். இவர்களைப் பற்றிய காகிதம் ஏராளமாக இருக்கிறது. ஆனால் அதை எழுதியவர்கள் கப்பல் குமாஸ்தா, டாக்டர், தோட்டத்துரை, மாஜிஸ்திரேட். ஏன் ஊரைவிட்டுக் கிளம்பினார்கள், கப்பலில் யாரோடு உறவானார்கள், தாயில்லாப் பிள்ளையை யார் எடுத்து வளர்த்தார்கள் என்பதெல்லாம் வீட்டுப் பேச்சில் மட்டுமே வந்திருக்கிறது.

டர்பன், சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டொங்காட், பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் தங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுத நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறோம். பதிவுக் கருவி வாங்குவதற்கு முன்பே ஒன்றை மனத்தில் ஏற்றிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு செய்திக்கும் பின்னால் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "இதை உங்களுக்கு யார் சொன்னது?" வாய்ச்சொல் சான்றாக நிற்பதும் வெறும் கதையாகப் போவதும் இந்தக் கேள்விக்கான பதில் பதிவில் இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்தது.

இந்த மண்ணின் மக்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை

வாய்வழி வரலாற்றை எப்படிக் கையாள்வது என்பதற்கு நேட்டாலிலேயே நல்ல பாடம் இருக்கிறது. ஜூலு மக்களின் அரசர்களுக்கும் பெரியவர்களுக்கும் 'இசிபோங்கோ' என்ற புகழ்ப்பாடல்கள் உண்டு. அவற்றைச் சபையில் உரத்துச் சொல்பவர் 'இம்போங்கி'. ஒவ்வொரு குலத்துக்கும் 'இசிதாகாஸெலோ' என்ற குலப்புகழ் வரிகளும் உண்டு. அவற்றில் முன்னோர் பெயர்கள் வரும். இசிபோங்கோ கதை சொல்லாது. ஒரு சண்டையை ஒரே அடைமொழியால் தொட்டுவிட்டுப் போகும். சொல்பவர் வரிகளின் வரிசையை மாற்றிக்கொள்ளலாம். ஆகவே எது முன், எது பின் என்று அதில் தேடினால் ஏமாற்றம்தான். ஆனால் பெயர், இடம், பகை, உறவு ஆகியவற்றுக்கு அதைவிடக் கெட்டியான சான்று கிடைப்பது கடினம்.

ஜேம்ஸ் ஸ்டூவர்ட் என்ற நேட்டால் அரசு அதிகாரி 1890களின் கடைசியிலிருந்து 1922 வரை ஏறக்குறைய 200 பேரிடம் கேட்டு எழுதிய குறிப்புகள் டர்பன் கில்லி காம்ப்பெல் நூலகத்தில் இருக்கின்றன. அதில் நாம் கவனிக்க வேண்டியது, பேசியவர் யார், எந்தத் தேதியில் பேசினார், உடன் யார் இருந்தார் என்பதை அவர் குறித்து வைத்த விதம். ஒரே சம்பவத்தை அரசனின் பக்கத்தார் ஒரு மாதிரியும் அவனிடமிருந்து தப்பி ஓடியவர்களின் பிள்ளைகள் வேறு மாதிரியும் சொல்கிறார்கள். இரண்டையும் கலந்து ஒன்றாக்கியிருந்தால் அந்தக் குறிப்புகள் இன்றைக்குப் பாதிப் பயன்கூடத் தந்திருக்காது. இன்னொன்று, கேட்டவர் அரசாங்க அதிகாரி. அவரிடம் சொல்லாமல் விட்டது எவ்வளவோ இருந்திருக்கும். உங்களிடமும் அப்படித்தான். பேரனிடம் சொல்வது ஒன்று, வெளியூர்க்காரரிடம் சொல்வது ஒன்று, மருமகளிடம் சொல்வது முற்றிலும் வேறு. அதனால் கேட்டவர் யார் என்பதும் பதிவின் ஒரு பகுதி.

சட்டமும் இந்த மதிப்பை ஏற்றிருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் 1994ஆம் ஆண்டு நில உரிமை மீட்புச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, நிலம் பறிபோன சூழ்நிலை பற்றிய செவிவழிச் சாட்சியத்தை நிலக் கோரிக்கை நீதிமன்றம் ஏற்கலாம் என்கிறது. மற்ற நீதிமன்றங்களில் அது எளிதில் எடுபடாது. 2003இல், நாட்டின் வடமேற்கு ஓரத்தில் வாழும் ரிக்டர்ஸ்வெல்ட் மக்களின் வழக்கில் அரசமைப்பு நீதிமன்றம், தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த அவர்களுடைய சொந்த வழக்கச் சட்டத்தை வைத்தே அவர்களின் நில உரிமையை முடிவு செய்தது.

ஒரு வேறுபாட்டை மறக்கக்கூடாது. ஜூலு அரச மரபைக் காக்க அதற்கென்றே பயின்ற ஆட்கள் இருந்தார்கள். தப்பாகச் சொன்னால் சபையில் திருத்துவதற்கும் ஆள் இருந்தது. நம் குடும்பக் கதைகளுக்கு அப்படிக் காவல் கிடையாது. அடுப்படியிலும் துக்க வீட்டிலும் புழங்கி வந்தவை. அதனால் சரிபார்க்கும் வேலை நமக்கு அதிகம்.

முதல் படி: வருவது எந்த வகைப் பேச்சு என்று பிரிப்பது

ஒரு மணி நேரப் பேச்சில் நான்கு வகைச் செய்திகள் கலந்து வரும். நோட்டில் அவ்வப்போது க, கே, வ, ப என்று ஒற்றை எழுத்தால் குறித்துக்கொண்டே போங்கள்.

'க' என்றால் கண்டது. 1949இல் டர்பனில் ஆப்பிரிக்கர்களுக்கும் இந்தியர்களுக்கும் இடையே நடந்த கலவரத்தில் பத்து வயதுப் பிள்ளையாக ஒளிந்திருந்தவர் சொல்வது இந்த வகை. 'கே' என்பது பெரியவர் வாயால் கேட்டது. 'வ' என்பது வடிவம் உறைந்த பேச்சு: தாலாட்டு, ஒப்பாரி, கும்மி, கூத்துப்பாட்டு, படையலின்போது சொல்லும் பெயர்கள், குலதெய்வத்தை அழைக்கும் வரிகள். 'ப' என்பது படித்தது அல்லது டிவியில் பார்த்தது.

தொல்லை தருவது இந்தக் கடைசி வகைதான். 2010இல் 150ஆம் ஆண்டு நினைவு கொண்டாடப்பட்டபோது ட்ரூரோவின் பெயர் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. அதன்பின் எங்கே கேட்டாலும் "எங்க தாத்தா ட்ரூரோவில வந்தாரு" என்ற பதில் கிடைக்கிறது. ஏறியவர்கள் 342 பேர், அதில் குழந்தைகளும் சேர்த்தி. உரிமை கோரும் குடும்பங்கள் அத்தனையும் அந்தக் கப்பலில் கொள்ளாது. பெரியவர் ஒருவர் தேதி, மாதம், ஆண்டு பிசகாமல் சொன்னால் சந்தோஷப்படாதீர்கள். அது காகிதத்திலிருந்து வாய்க்கு வந்தது என்பதற்கு அடையாளம். எழுதப்படிக்கத் தெரியாத ஆயா சொல்லிக்கொடுத்த கதையில் தேதி இருக்காது, மழைக்காலமா வெயில்காலமா என்பது இருக்கும்.

அதேபோல், 'அங்கே கல்லைப் புரட்டினால் தங்கம் என்று சொல்லி ஏமாற்றிக் கூட்டிவந்தார்கள்' என்ற கதை நேட்டாலில் மட்டும் வழங்குவதல்ல. மொரிஷியஸிலும் இதையே சொல்வார்கள். இப்படி ஊர் ஊராகத் திரியும் கதையைக் குறிப்பிட்ட ஒரு கொள்ளுத்தாத்தாவுக்கு நேர்ந்ததற்குச் சான்றாக எடுக்க முடியாது. ஆள்பிடிப்பவரின் வாக்குறுதியை ஒரு சமூகமே எப்படி நினைவில் வைத்திருக்கிறது என்பதற்கு நல்ல சான்று, அப்படியே எழுதுங்கள்.

இரண்டாம் படி: யாரிடம் கேட்பது

'நல்லாப் பேசுவார்' என்று குடும்பமே கைகாட்டும் ஆள் ஒருவர் எல்லா வீட்டிலும் உண்டு. அவரிடம் கேளுங்கள், ஆனால் முதலில் கேட்காதீர்கள். பலமுறை சொல்லிச் சொல்லி மெருகேறிய கதை அவரிடம் இருக்கும். அதை முதலில் கேட்டுவிட்டால் மற்றவர்களிடம் அதன் ஓட்டைகளை நிரப்பும் கேள்விகளையே கேட்டுக்கொண்டிருப்பீர்கள். அதிகம் பேசாத அத்தை, வாழவந்த மருமகள், கடைசிக் காலத்தில் ஆயாவோடு ஒரே அறையில் படுத்திருந்த பேத்தி ஆகியோரிடம் தொடங்குங்கள். பெண்கள் வழியில் வரும் சங்கிலி தனி. தாய்வழி ஆயாவின் கப்பல், மதினியின் முதல் கல்யாணம், செத்துப்போன பிள்ளைகளின் பெயர் போன்றவை ஆண்களின் பேச்சில் வருவதே அரிது.

ஒரே சம்பவத்துக்கு மூன்று பேராவது வேண்டும். அதில் இரண்டு பேராவது வேறு வேறு ஆளிடம் கேட்டவர்களாக இருக்கவேண்டும். ஐந்து பேர் ஒன்றுபோலச் சொன்னாலும் ஐந்து பேருமே ஒரே பெரியப்பாவிடம் கேட்டிருந்தால் அது ஒரு சாட்சிதான்.

மூன்றாம் படி: சம்மதமும் கருவியும்

சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். 2013ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இங்கே நடைமுறையில் இருக்கிறது. படிவத்தில் நான்கு விஷயம் தனித்தனியாகக் கேட்கப்பட வேண்டும்: பதிவு செய்யலாமா, குடும்பத்துக்குள் பகிரலாமா, ஆவணக்காப்பகத்துக்குத் தரலாமா, இணையத்தில் போடலாமா. எல்லாவற்றுக்கும் ஒரே கையெழுத்து வாங்குவது பிற்பாடு சண்டைக்கு வழி. 'இந்தப் பகுதியை நான் போனபிறகு திறக்கலாம்' என்று சொல்லவும் இடம் விடுங்கள்.

கருவிக்கு அதிகச் செலவு தேவையில்லை. கைபேசியே போதும், ஆனால் சட்டையில் மாட்டும் மைக் ஒன்று அவசியம். மோவாய்க்கு ஒரு சாண் கீழே குத்துங்கள். கோப்பு வேவ் வடிவில், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். ஒற்றைத் தடத்தில் ஒரு மணி நேரம் அரை ஜிகாபைட்டுக்குச் சற்று மேல் வரும். ஒலி உச்சம் மைனஸ் 12 டெசிபல் அருகில் நிற்கட்டும். அழுதாலோ சிரித்தாலோ குரல் ஏறும்போது உடையாமல் இருக்க அந்த இடைவெளி வேண்டும். ஃப்ரிட்ஜை அணையுங்கள். அணைத்த ஃப்ரிட்ஜுக்குள் உங்கள் கார் சாவியை வைத்துவிட்டால், திரும்பப் போடாமல் வீட்டைவிட்டுக் கிளம்ப மாட்டீர்கள். சாயங்காலம் ஹடீடா பறவைகள் கத்தத் தொடங்கினால் டர்பனில் எந்த மைக்காலும் ஒன்றும் செய்ய முடியாது. காலை பத்து மணிக்கு உட்காருவது உத்தமம். மின்வெட்டை நினைத்து பவர்பேங்க் வைத்துக்கொள்ளுங்கள்.

பதிவின் முதல் அரை நிமிடத்தில் தேதி, இடம், பேசுபவர், கேட்பவர், அறையில் இருக்கும் மற்றவர்கள் எல்லாரையும் உரக்கச் சொல்லிவிடுங்கள். கோப்பின் பெயர் மாறிப்போனாலும் உள்ளே அடையாளம் இருக்கும். ஓர் அமர்வு 90 நிமிடத்தைத் தாண்டவேண்டாம்.

நான்காம் படி: கேட்கும் முறை

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. இங்குள்ள பெரியவர்கள் பலருக்கு நடந்ததைச் சொல்லும் மொழி ஆங்கிலம். பாட்டும் உறவுமுறையும் சாமி பேச்சும் தமிழ். வயலைப் பற்றியும் வேலையாட்களைப் பற்றியும் பேச்சு வந்தால் ஜூலுவும், ஜூலுவை வைத்து வேலையிடங்களில் உருவான கலப்புமொழியான ஃபனகலோவும் கலக்கும். அவர்கள் போக்கில் விடுங்கள். தமிழ்நாட்டுத் தமிழில் திருத்தமாகக் கேள்வி கேட்கும் ஆளைப் பார்த்ததும் 'எனக்குத் தமிழ் சரியா வராதுங்க' என்று கூச்சப்பட்டு வாயை மூடிக்கொள்வார்கள். 'ஆயா', 'தாத்தா' என்று அந்த வீட்டில் புழங்கும் சொற்களையே நீங்களும் பயன்படுத்துங்கள்.

பதிலைக் கேள்விக்குள் வைக்காதீர்கள். "சர்தார் உங்க தாத்தாவை அடிப்பாரா?" (சர்தார் என்றால் தோட்டத்தில் வேலை வாங்கும் மேஸ்திரி) என்று கேட்டால் "ஆமா" என்பார்கள். "தோட்டத்தில வேலையை யார் பாத்துக்குவாங்க? அவர் எப்படி?" என்று கேளுங்கள், சர்தார் யார், எந்த ஊர்க்காரர், என்ன மொழி பேசினார் என்று தானாக வரும். பதில் முடிந்ததுபோல் தோன்றும்போது ஐந்து விநாடி சும்மா இருங்கள். நல்ல செய்தி பெரும்பாலும் அந்த ஐந்து விநாடிக்குப் பிறகுதான் வரும்.

ஆண்டுகளைக் கேட்பதைவிட இடங்களைக் கேட்பது பலன் தரும். டர்பன் மாநகராட்சித் தொழிலாளர்கள் குடியிருந்த மேகசின் பாரக்ஸ் இப்போது இல்லை. அங்கே இருந்த தமிழ், தெலுங்குக் குடும்பங்கள் 1960களில் சாட்ஸ்வர்த்துக்கு அனுப்பப்பட்டன. அங்கே பிறந்த பெரியவரிடம் பெரிய வெள்ளைத்தாளும் பென்சிலும் கொடுத்து, 'உங்க கதவை முதல்ல போடுங்க, பக்கத்துக் கதவு யாரோடது?' என்று கேளுங்கள். தண்ணீர்க்குழாய் எங்கே, கோயில் எங்கே, கூத்துப் போடும் திடல் எங்கே என்று ஒவ்வொன்றாக வரையும்போது, நேரடியாகக் கேட்டால் நினைவுக்கு வராத பெயர்கள் வரிசையாக வரும். அதே வரிசையில் குடியிருந்த இன்னொருவரை, முதல் படத்தைக் காட்டாமல், தனியாக வரையச் சொல்லுங்கள். இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் எந்தக் கதவுகள் ஒத்துப்போகின்றன என்று கண்ணுக்குத் தெரியும். பொருந்தாத கதவுகளைப் பற்றித்தான் அடுத்த அமர்வில் பேசவேண்டும். படத்தின் மூலையில் தேதியும் வரைந்தவர் பெயரும் எழுதுங்கள். டர்பனின் மற்றப் பழைய குடியிருப்புகளான கேட்டோ மேனர், டின் டவுன், கிளேர்வுட் எதற்கும் இதே முறைதான்.

பாட்டுகளுக்குத் தனி நாள் ஒதுக்குங்கள். சாவு விழாத வீட்டுக்குள் ஒப்பாரி பாடக்கூடாது என்று நம்புபவர்கள் இன்றும் உண்டு. வற்புறுத்தாமல் வெளியே மரத்தடியிலோ காரிலோ பாடச் சொல்லலாம். பாடும்போது குறுக்கே பேசி அர்த்தம் கேட்காதீர்கள். அடி நின்றுவிட்டால் மறுபடி தொடங்கும்போது வேறு வரி வரும். முதலில் முழுதாக ஒருமுறை, மறுநாள் இன்னொருமுறை. இரண்டு தடவையும் மாறாமல் வந்த வரிகள் உறைந்தவை, மாறியவை அவ்வப்போது கட்டப்பட்டவை. பாடுபவருக்கே அர்த்தம் தெரியாத சொல் உறைந்த வரியில் இருந்தால் அதைத் திருத்தாமல் ஒலித்தபடியே எழுதுங்கள். அது ஒரு பழைய ஊரின் பெயராக இருக்கக்கூடும்.

தீபாவளிக்கு முன்நாளிலோ திதியிலோ முன்னோருக்குப் படையல் போடும் வீடுகளில், யார் யார் பெயரை என்ன வரிசையில் சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். குலதெய்வம் எது, என்ன பலி, என்ன படையல், பெண்கள் உள்ளே போகலாமா என்பதையும் கேளுங்கள். ஊர்ப்பெயர் மறந்த குடும்பங்களில்கூடச் சாமியின் பெயர் தங்கியிருக்கும். பின்னால் தமிழ்நாட்டில் ஊர் தேடும்போது ஒரே பெயரில் இருக்கும் மூன்று கிராமங்களில் எது என்று தேர்ந்தெடுக்க அது உதவும்.

ஐந்தாம் படி: காலம் கணிப்பது

மனித நினைவு ஆண்டுகளைப் பிடிக்காது, சம்பவங்களைப் பிடிக்கும். எனவே ஒரு சம்பவ அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு 'அதுக்கு முன்னாடியா, பின்னாடியா?' என்று கேளுங்கள். நேட்டாலுக்கு உதவுபவை இவை: 1879 ஜூலுப் போர், 1897 மாட்டுக் கொள்ளைநோய், 1899 முதல் 1902 வரை போயர் போர், 1906 பம்பாதா கிளர்ச்சி, 1913 வேலைநிறுத்தம், 1914இல் ஒப்பந்தம் முடிந்தவர்கள் மேல் போட்டிருந்த 3 பவுன் வரி ஒழிந்தது, 1917 அக்டோபர் உம்கெனி வெள்ளம், 1918 விஷக்காய்ச்சல், 1946 சத்தியாகிரகம், 1949 ஜனவரி கலவரம், 1960களில் சாட்ஸ்வர்த் குடியேற்றம், 1976இல் டிவி வந்தது, 1987 செப்டம்பர் வெள்ளம். காசுப் பேச்சும் நல்ல கடிகாரம். 1961 பிப்ரவரியில் ஷில்லிங் போய் ராண்ட் வந்தது. கடைக்கணக்கை ஷில்லிங்கில் சொன்னால் அந்த நினைவு அதற்கு முந்தியது. ஒப்பந்தத் தொழிலாளியின் சம்பளம் முதல் ஆண்டு மாதம் 10 ஷில்லிங், ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் ஏறி ஐந்தாம் ஆண்டில் 14.

தலைமுறை சுருங்குவது அடிக்கடி நடக்கும் பிழை. ஒரு கணக்கைப் பாருங்கள். 1942இல் பிறந்தவர் 'எங்க அப்பாவோட அப்பா முதல் கப்பல்லயே வந்தவர்' என்கிறார். அவருடைய தந்தை பிறந்தது 1912. தாத்தா 1860இல் 20 வயதில் ஏறியிருந்தால் மகன் பிறக்கும்போது அவருக்கு 72. நடக்காது என்றில்லை, ஆனால் நம்புவதற்குமுன் இரண்டு வாய்ப்புகளைப் பார்க்கவேண்டும். ஒன்று, நடுவில் ஒரு தாத்தா விழுந்துபோயிருக்கலாம்: வந்தவர் கொள்ளுத்தாத்தா. இரண்டு, தாத்தா வந்தது 1890களின் ஏதோ ஒரு கப்பல். 'முதல் கப்பல்' பிற்பாடு ஒட்டியது. பிரித்தறிய நேரடியாகக் கேட்காமல், 'தாத்தாவோட அம்மா சமாதி எங்கே?' என்று கேளுங்கள். நேட்டாலில் என்றால் தாத்தா இங்கேயே பிறந்தவராகவோ சிறுபிள்ளையாக வந்தவராகவோ இருக்க வாய்ப்பு அதிகம். இன்னொரு சோதனை: 1866க்கும் 1874க்கும் நடுவில் ஒப்பந்தக் கப்பல்கள் நின்றிருந்தன. அந்த இடைவெளியில் விழும் எந்தக் கணக்கும் தப்பு.

ஆறாம் படி: சங்கிலி எழுதுவது

ஒவ்வொரு முக்கியச் செய்திக்கும் ஓர் அட்டை. மேலே செய்தி ஒரே வரியில். கீழே அது வந்த வழி: யார் கண்டது, அவர் யாரிடம் எந்த வயதில் சொன்னார், அவர் உங்களுக்கு எப்போது சொன்னார். மாதிரிக்கு: 'கொள்ளுத்தாத்தாவின் தம்பி தோட்டத்திலிருந்து ஓடி ஜூலு கிராமத்தில் ஆறு மாதம் இருந்தார். கண்டது: தம்பி. கேட்டது: ஆயா, சுமார் 12 வயதில், தம்பியின் வாயால். கேட்டது: பேத்தி, 1970களில், ஆயாவிடம். பதிவு: பேத்தியிடம்.' இதில் கண்டவருக்கும் பதிவுக்கும் நடுவே இரண்டே கை. 'எல்லாரும் சொல்வாங்க' என்ற பதில் வந்தால் அதையும் அப்படியே எழுதுங்கள். சங்கிலி அறுந்திருப்பதும் ஒரு தகவல்.

சொல்பவருக்கு அந்தச் செய்தியால் என்ன லாபம் என்று ஓரத்தில் குறியுங்கள். 'தாத்தாதான் கோயிலுக்கு நிலம் கொடுத்தார்' என்ற பேச்சைத் தாத்தாவின் மகன் சொன்னால் ஒரு மதிப்பு; அந்தக் கோயில் கமிட்டியோடு பகைத்துக்கொண்ட வீட்டார் சொன்னால் மதிப்பு இரட்டிப்பு.

ஏழாம் படி: கப்பல் பட்டியலோடு ஒப்பிடுவது

நேட்டாலின் பெரிய வசதி, ஒப்பந்தத்தில் வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு காலனி எண் உண்டு. கப்பல் பட்டியலில் அந்த எண், பெயர், தந்தை பெயர், வயது, பால், சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடல் அடையாளம், எந்தத் துரையிடம் அனுப்பப்பட்டார் என்பவை இருக்கும். வெஸ்ட்வில்லில் உள்ள காந்தி-லுத்துலி ஆவண மையமும் டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க் அரசு ஆவணக்காப்பகங்களும் தேடவேண்டிய இடங்கள். பெயரை வைத்துக்கொண்டு தேடத் தொடங்கினால் மூழ்கிப்போவீர்கள். நூற்றுக்கணக்கில் முனிசாமிகள் வருவார்கள். முதலில் எண்ணைத் தேடுங்கள். பழைய பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகளில் பெற்றோரின் எண் இருக்க வாய்ப்பு உண்டு. இறந்தவர்களின் சொத்துக் கோப்பில் உள்ள இறப்பு அறிவிப்பில் பெற்றோர் பெயர் கிடைக்கும்.

எண் கிடைக்காவிட்டால் மூன்று விவரம் ஒருசேரப் பொருந்தவேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்: பெயர், தந்தை பெயர், தோட்டம். அல்லது பெயர், மாவட்டம், உடன் வந்த மனைவியோ தம்பியோ. பெயரின் எழுத்துக்கூட்டலை நம்பாதீர்கள். எழுதியவர் காதில் விழுந்ததை எழுதியவர். ஆறுமுகம் 'ஆர்மூகம்' ஆனார், முனிசாமி 'மூன்சாமி' ஆனார், குப்புசாமி 'கூப்பூசாமி' ஆனார். கவுண்டர் 'கவெண்டர்' ஆனதும் முதலியார் 'மூட்லி' ஆனதும் இங்கே வந்த பிறகு. 'க'வுக்கு ஆங்கிலத்தில் சி, கே, ஜி மூன்றையும் போட்டுப் பாருங்கள். தந்தையின் பெயர் மகனுக்குக் குடும்பப்பெயராகப் போனதால் கூடப்பிறந்த அண்ணன் தம்பிக்கே வேறு வேறு குடும்பப்பெயர் இருக்கும்.

ஊர் தேடும்போது பழைய மாவட்ட எல்லைகளைப் பாருங்கள். பட்டியலில் நிறைய வரும் வட ஆற்காடு அன்று பெரியது. சித்தூர் மாவட்டம் அதிலிருந்து பிரிந்தது 1911இல். 'வட ஆற்காடு, பலமனேர்' என்று இருந்தால் இன்று ஆந்திராவில் தேடவேண்டும். 'நாங்க தமிழ்தான், ஆனா ஆயா வீட்டில தெலுங்கு பேசுவாங்க' என்று முன்பே ஒருவர் சொல்லியிருந்தால் இப்போது அது பொருந்தும்.

காகிதமும் பேச்சும் முரண்பட்டால் எது ஜெயிக்கும்? கேள்வியைப் பொறுத்தது. கப்பல், தேதி, எண், தோட்டம் ஆகியவற்றுக்குக் காகிதத்தை நம்பலாம். வயது விஷயத்தில் காகிதம் வெறும் பார்வைக் கணிப்பு. உறவுக்குக் காகிதம் மோசமான சாட்சி: பதிவு செய்யாத சடங்குத் திருமணத்தைச் சட்டம் ஏற்கவில்லை, 1913இல் கேப் நீதிமன்றத்தில் வந்த தீர்ப்பு கிறிஸ்தவமல்லாத திருமணங்களையே செல்லாமல் ஆக்கப் பார்த்தது. தாலி கட்டி நாற்பது ஆண்டு வாழ்ந்தவரைக் காகிதம் 'மணமாகாதவர்' என்று எழுதியிருக்கலாம். அங்கே ஆயாவின் சொல்தான் சான்று.

சாதிப் பத்தியை எச்சரிக்கையோடு அணுகுங்கள். இன்றைய குடும்பப்பெயர் சொல்வதும் பட்டியல் சொல்வதும் பல வீடுகளில் பொருந்தாது. இங்கே வந்தபின் பெயரை மாற்றிக்கொண்டவர்கள் உண்டு. கப்பலேறுமுன் தங்கவைத்த சென்னை டிப்போவிலேயே தப்பாக எழுதப்பட்டவர்களும், தாங்களே வேறு சொன்னவர்களும் இருக்கலாம். இதைக் குடும்பக் கூட்டத்தில் போட்டு உடைக்கும் உரிமை பட்டியலைக் கண்டுபிடித்தவருக்கு இல்லை. முதலில் மூத்தவரிடம் தனியாகக் காட்டி, எழுதலாமா என்று கேட்பது முறை.

ஒரு பக்கம் மட்டும் கேட்டால்

1949 ஜனவரிக் கலவரம் பற்றி ஒவ்வொரு இந்தியக் குடும்பத்திலும் எரிந்த கடையும் ஒளிந்த இரவும் உண்டு. அரசுக் கணக்கில் இறந்தவர்கள் 142 பேர். அவர்களில் 87 பேர் ஆப்பிரிக்கர்கள், 50 பேர் இந்தியர்கள். இந்த விகிதம் நம் வீட்டுப் பேச்சு எதிலும் கிடைக்காது. பொய் சொல்கிறார்கள் என்பதில்லை; எந்த வீடும் தன் இழவைத்தான் எண்ணும். காப்பாற்றி ஒளித்துவைத்த ஜூலு அண்டைவீட்டார் பற்றிய கதைகளுக்கும் சங்கிலி எழுதுங்கள். முடிந்தால், ஜூலு பேசும் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, கேட்டோ மேனரில் அன்று குடியிருந்த ஆப்பிரிக்கக் குடும்பத்தாரிடமும் கேளுங்கள். அந்தப் பேச்சுக்கும் அதே சம்மதப் படிவம், அதே அட்டை.

எட்டாம் படி: எழுத்தாக்கி ஒப்படைப்பது

தமிழும் ஆங்கிலமும் கலந்த ஒரு மணி நேரப் பேச்சை எழுத ஆறு முதல் எட்டு மணி நேரம் ஆகும். தானியங்கி மென்பொருள் நேட்டால் தமிழில் தடுமாறும். அதை முதல் வரைவுக்கு மட்டும் வையுங்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை நேரக்குறி போடுங்கள். பேச்சுத்தமிழை எழுத்துத்தமிழாக மாற்றாதீர்கள். 'தெரியாதுங்க' என்பதை 'அறியேன்' என்று எழுதுவதால் யாருக்கும் பயனில்லை. மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வேறு வீட்டில். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு இதை டர்பனில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பொதுவில் வைக்கலாம் என்று சம்மதம் இருந்தால் காந்தி-லுத்துலி மையத்தையும் டர்பனில் உள்ள 1860 பாரம்பரிய மையத்தையும் அணுகலாம்.

எழுதும்போது உறுதியின் அளவு வாக்கியத்திலேயே தெரியட்டும். எண்ணோடு பட்டியலில் கிடைத்தால் 'வந்தார்'. தனித்தனிச் சங்கிலியில் இரண்டு பேர் சொன்னால் 'வந்ததாக இரு கிளைகளும் சொல்கின்றன'. ஒரே சங்கிலி என்றால், 'வந்ததாக இன்னார் தன் ஆயாவிடம் கேட்டார்'.

அச்சுக்குப் போகுமுன் எழுதியதை எடுத்துக்கொண்டு அதே பெரியவரிடம் திரும்பிப் போய் உரக்கப் படித்துக் காட்டுங்கள், மறுபடியும் பதிவைப் போட்டுவிட்டு. 'நான் அப்படிச் சொல்லல' என்பார். பழைய வரியை அழிக்காமல், திருத்தத்தைத் தேதியோடு கீழே சேர்த்து எழுதுங்கள். முதலில் ஒன்று சொல்லி, பின்பு வேறு சொன்னால் இரண்டும் ஆவணம். குடும்பத்துக்குத் தரும் பிரதியில் அவர் பூட்டச் சொன்ன பக்கங்கள் இருக்கக்கூடாது. அவை தனி உறையில், திறக்கும் நாளை வெளியே எழுதி, காப்பகத்திடம் போகட்டும்.